கூலி: ஊதியம் இழிபெயரான கதை

உழைத்தவன் பெறும் ஊதியத்துக்குத் தமிழன் இட்ட பெயர் கூலி. வண்டிக்கூலி, ஏற்றுகூலி, செய்கூலி, நாட்கூலி என்று நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். இவற்றில் இழிவு எங்கே இருக்கின்றது? திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், மெய்வருந்தி முயல்வோன் அடையும் பயனையே இச்சொல்லாற் குறித்தார். தானியத்தைக் குறிக்கும் கூலம் என்ற சொல்லோடு இதனை இணைத்துக் காண்போரும் உளர். அரிவு வெட்டியவருக்குக் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்த வழக்கத்தை அறிந்த நம் கமக்காரருக்கு இது வியப்பளிக்காது.

சிங்களத்திலும் இச்சொல் உண்டு. வீட்டு வாடகையையும் வேலைக்குரிய ஊதியத்தையும் ‘குலிய’ என்பர். அங்கும் அது பணத்தின் பெயரே.

ஐரோப்பியர் வாயிலே இச்சொல் மாறியது. குஜராத்தின் கோளி மக்களின் பெயரிலிருந்து போர்த்துக்கீசர் எடுத்தது என்று ஒரு சாரார் கூறுவர். தமிழ்க் கூலியே மூலம் என்பர் மறுசாரார். இரண்டும் கலந்திருத்தல் கூடும். மூலம் எதுவாயினும், விளைவு ஒன்றே: ஊதியத்தின் பெயர் மனிதன்மேல் ஏற்றப்பட்டது; ஊதியமோ சுருங்கியது.

1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியப் பேரரசு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பீஜித் தீவுகளுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அடிமை என்ற சொல் போயிற்று. கூலி என்ற சொல் அதன் இடத்தில் அமர்ந்தது. சீனர் இதன் ஒலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துக்களின் பொருள் கசப்பு, வலிமை என்பன. டச்சுக்காரர் சுமாத்திராவில் 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்றே ஒரு சட்டம் இயற்றினர். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டிக்க அது வழி செய்தது. தென்னாபிரிக்காவிலோ தொழில், கல்வி, செல்வம் எதுவும் பார்க்கப்படவில்லை. இந்தியர் யாவரும் கூலிகளே. 1893இல் அங்கு சென்ற காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். பட்டம் பெற்ற நம் வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் இதனைச் சிந்திப்பார்களாக. உழைப்பவனை இழிவுசெய்யும் சொல் படித்தவனை மட்டும் விட்டுவிடுவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காட்டை அழித்து மலையகத்தை உருவாக்கியவர்கள் வாழ்ந்த வரிசை அறைகளுக்குத் துரைமார் இட்ட பெயர் ‘கூலி லயன்’. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,000 ரூபா நாட்கூலிக்காகப் பல ஆண்டுகள் போராடினர். 2021இலேயே அது சட்டபூர்வமாயிற்று.

அந்நியனை மட்டும் குறைகூறிப் பயனென்ன? வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நம்மவரிற் சிலர் அதே மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று அழைக்கவில்லையா? நம் வயல்களில் வேலை செய்வோனை ‘கூலிக்காரன்’ என்று ஏளனக் குரலில் விளிக்கவில்லையா? துரை நம் சொல்லைத் திரித்தான். திரித்த பொருளை நாமே திரும்ப வாங்கிக்கொண்டோம். நமக்கு உரிமை வேண்டும் என்று முழங்கும் நாம் இதற்கு என்ன மறுமொழி கூறப்போகின்றோம்?

மொரீசியசின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய இடத்தை ஒருகாலத்தில் ‘கூலிக் கட்டம்’ என்றனர். இன்று அது ‘ஆப்பிரவாசி கட்டம்’. 2006 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இழிபெயரை மாற்றினர், வரலாற்றை மறைக்கவில்லை.

நாம் செய்யவேண்டியதும் அதுவே. மனிதனைத் தொழிலாளி என்று அழைப்போம். கூலி என்ற சொல்லை அதன் பழைய பொருளுக்கே மீட்டு, உழைத்தவன் கையில் அதனைக் குறைவின்றிக் கொடுப்போம். சொல்லுக்கு மானம் திரும்புவது அப்பொழுதுதான்.