நாடக வாத்தியாரின் நோட்டுகள் எங்கே?

1867-ஆம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று இத்தாலி தேசத்துப் பார்மா நகரில். மற்றொன்று தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில்.

இத்தாலியக் குழந்தைதான் டாஸ்கனினி. மேல்நாட்டில் பாட்டாகவே நடக்கும் நாடகத்துக்கு ஆபெரா என்று பெயர். வாத்தியக்காரர்கள் பலர் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் கையில் சிறு கோலுடன் நிற்பார். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் அந்தக் கோலுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

1886-ல் பிரேசில் நாட்டில் 'ஐடா' என்ற ஆபெரா. நடத்த வந்தவரை ஜனங்கள் கூச்சல் போட்டு விரட்டிவிட்டார்கள். செல்லோ வாசித்துக் கொண்டிருந்த 19 வயது டாஸ்கனினி எழுந்து வந்தார். புத்தகத்தைப் பார்க்காமலே முழுவதையும் நடத்தி முடித்தார்! அன்று முதல் அவருக்கு ஏறுமுகம். 1957-ல் காலமானார்.

காட்டுநாயக்கன்பட்டிக் குழந்தை யார்? சங்கரதாஸ் சுவாமிகள்!

நம் நாடகத்தில் கோல் இல்லை, வாத்தியார் உண்டு. பாட்டு எழுதுவார், மெட்டு அமைப்பார், பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஏற்படுத்தினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும், பாட்டுகள் உள்பட, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி. கே. சண்முகம் எழுதியிருக்கிறார்.

அப்படி எழுதிய கையைப் பக்கவாதம் முடக்கியது. பேச்சும் போயிற்று. 1922 நவம்பர் 13-ல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். தேங்காய்த்திட்டிலிருந்து நகரைக் கடந்து வடக்கே போனால் கருவடிக்குப்பம். அங்கேதான் அவர் சமாதி.

டாஸ்கனினியின் கடிதங்கள், அவர் குறிப்பெழுதிய இசை ஏடுகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சுவாமிகளின் நாடகங்களோ, ஐம்பதுக்கு மேல் என்பார் சிலர், அறுபத்தெட்டு என்பார் சிலர். கிடைத்திருப்பவை அவற்றில் ஒரு பகுதிதான். கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றன. கையெழுத்து நோட்டுகளும் பெட்டிகளோடு போயின.

இதனால் என்ன நஷ்டம்? 'வள்ளி திருமணம்' இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஆனால் நடிகருக்கு நடிகர் பாட்டும் பேச்சும் மாறுகின்றன. வாத்தியார் எழுதிய அடி எது, பின்னால் வந்தவர் சேர்த்தது எது? மூல ஏடு இருந்தால் அல்லவா சொல்ல முடியும்!

அவர் பெயரால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கினார்கள். பாராட்ட வேண்டிய காரியம். பெயர் வைத்தவர்கள் ஏடு தேடவும் ஆள் வைக்க வேண்டும். பழைய நடிகர், ஆர்மோனியக்காரர் குடும்பங்களில் பாட்டு நோட்டு இருந்தால் கிழிந்தது என்று எடைக்குப் போட்டுவிடக் கூடாது. நகல் எடுத்துக்கொண்டு நோட்டை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அரசுக்கு இது பெரிய செலவல்ல.

ஆண்டுதோறும் நவம்பர் 13-ல் நாடகக் கலைஞர்கள் மாலையுடன் கருவடிக்குப்பம் வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது வீட்டிலிருக்கும் நோட்டையும் எடுத்து வரச் சொல்லலாமே!