பொத்தானை அழுத்துவது யார்? பையை நிரப்புவது யார்?

ஆஸ்திரேலியாவில் சூதாட்ட யந்திரத்தை ஜனங்கள் "போக்கி" என்று அழைக்கிறார்கள். கேட்பதற்குச் செல்லப் பெயர்; செய்வதோ பகற்கொள்ளை! நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யம் 1956ல் கிளப்புகளில் இந்த யந்திரங்களை வைக்கச் சட்டபூர்வமான அனுமதி கொடுத்தது. 1997ல் மதுக்கடைகளுக்கும் அந்த அனுமதி கிடைத்தது. இன்று அந்த ஒரு ராஜ்யத்தில் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் நிற்கின்றன. வாரக் கூலி வாங்கிய தொழிலாளியும், பென்ஷன் வாங்கிய கிழவியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தாயும் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைக் கண்டித்தால் யந்திர முதலாளிகளும் கிளப் நிர்வாகிகளும் அவர்களுக்குத் தாளம் போடும் மந்திரிகளும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "யந்திரம் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பொத்தானை அழுத்துகிறவன் அவனேதான். எவ்வளவு பந்தயம் என்று தீர்மானிப்பவனும் அவனேதான். தோற்றால் அவன் பொறுப்பு!"

நல்லது. அப்படியானால் அந்தப் பொத்தான்களையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம். எந்தப் பொத்தான் யாருடைய நன்மைக்காக வைக்கப்பட்டது என்பது விளங்கிவிட்டால் இந்த வாதத்தின் சாயம் வெளுத்துவிடும்.

கைப்பிடி போனது ஏன்?

ஆதியில் இந்த யந்திரத்துக்குப் பொத்தானே கிடையாது. சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் சான்பிரான்சிஸ்கோ நகரில் செய்த "லிபர்ட்டி பெல்" யந்திரத்தில் மூன்று உருளைகள் இருந்தன; பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். "ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன்" என்று ஜனங்கள் இந்த வகை யந்திரத்துக்குப் பெயர் சூட்டியது அதனால்தான்.

கைப்பிடியை இழுத்தால் தோள் வலிக்கும். அடுத்த நாணயத்தைப் பையில் துழாவி எடுக்க நேரம் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளில் மனிதனுக்குப் புத்தி திரும்பக்கூடும். "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று எழுந்துவிடக்கூடும். முதலாளிக்கு அது நஷ்டம் அல்லவா? ஆகவே கைப்பிடி போய்ப் பொத்தான் வந்தது. நாணயம் போய் நோட்டு வந்தது. உள்ளே போன நோட்டு உடனே திரையில் வெறும் எண்ணாக மாறிவிடுகிறது. கண்ணெதிரில் கரைவது கூலிப் பணம் என்ற நினைவே மறைந்துபோகிறது.

பொத்தான்களின் வேலை

இன்றைய ஆஸ்திரேலிய யந்திரங்களில் பொதுவாகப் பந்தயம் கட்ட இரண்டு வரிசைப் பொத்தான்கள் உண்டு. ஒரு வரிசை, எத்தனை கோடுகளில் ஆடுவது என்பதற்கு. மற்றொரு வரிசை, கோடு ஒன்றுக்கு எத்தனை பங்கு கட்டுவது என்பதற்கு. யந்திரத்தின் நெற்றியில் "ஒரு சென்ட்" என்று எழுதியிருக்கும். ஒரு சென்ட்தானே என்று ஏழை உட்காருகிறான். 50 கோடுகளை அழுத்துகிறான். கோட்டுக்கு 10 பங்கு என்று அழுத்துகிறான். 50ஐப் பத்தால் பெருக்கினால் 500 சென்ட். அதாவது ஒரே அழுத்தலுக்கு 5 டாலர்! "ஒரு சென்ட் யந்திரம்" என்ற பெயர் எவ்வளவு பெரிய பித்தலாட்டம் என்பதைப் பாருங்கள்.

கோடுகள் அதிகமானால் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. 50 சென்ட் கட்டி ஆடுகிறான். ஏதோ ஒரு கோட்டில் 20 சென்ட் விழுகிறது. உடனே மணி அடிக்கிறது, விளக்குகள் மினுக்குகின்றன, சங்கீதம் முழங்குகிறது. 30 சென்டைப் பறிகொடுத்தவனுக்கு வெற்றி விழா! கனடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இதற்கு "வெற்றி வேஷம் போட்ட தோல்வி" என்று பெயர் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட தோல்வியின்போதும் ஆடுகிறவர் உடலில் உண்மையான வெற்றியின்போது உண்டாகும் கிளர்ச்சியே உண்டாகிறது என்பதை அவர்கள் 2010ல் சோதித்துக் காட்டினார்கள்.

அடுத்தது, "இரட்டிப்பு" பொத்தான். எப்போதாவது உண்மையாகவே ஜெயித்துவிட்டால், அந்தப் பணம் கணக்கில் ஏறுமுன்பே "சிவப்பா, கறுப்பா? சரியாகச் சொன்னால் இரண்டு மடங்கு" என்று ஆசை காட்டுகிறது. தவறினால் வந்தது அத்தனையும் போச்சு. இன்னொன்று, "ஒதுக்கிவை" பொத்தான். ஆடுகிறவர் கழிப்பறைக்குப் போய் வரும்வரை யந்திரத்தை வேறு யாருக்கும் விடாமல் வைத்திருப்பதற்காக. எழுந்து போகிறவன் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதில் எவ்வளவு கரிசனம்!

"பணம் எடு" என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. இத்தனை பொத்தான்களில் ஆடுகிறவனுக்கு நன்மை செய்வது இந்த ஒன்றுதான்.

செய்யாத வேலை

சரி, ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடிய பொத்தான் எது? அப்படி ஒன்று கிடையாது!

யந்திரத்தின் உள்ளே ஒரு கணக்குக் கருவி ஓய்வில்லாமல் எண்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் எந்த எண் வந்ததோ, அதுவே முடிவு. அப்புறம் உருளைகள் சுழல்வதும் ஒவ்வொன்றாக நிற்பதும் வெறும் பொம்மலாட்டம். சில யந்திரங்களில் மறுபடியும் அழுத்தினால் உருளைகள் சட்டென்று நிற்கும். "நானே நிறுத்தினேன், என் கைத்திறமை" என்று ஆடுகிறவர் நம்புகிறார். நின்றது படம், முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மெதுவாக அழுத்தினாலும், பலமாக அழுத்தினாலும், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அழுத்தினாலும் ஜெயிக்கும் வாய்ப்பு அணுவளவும் கூடாது. வேகமாக அழுத்தினால் ஒன்றுதான் கூடும்: நஷ்டம்!

உருளைகளும் யோக்கியமானவை அல்ல. அமெரிக்காவில் டெல்னஸ் என்பவர் 1984ல் ஒரு காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியும் உருளையில் எல்லாச் சின்னங்களுக்கும் சம இடம் இருக்கும். உள்ளே உள்ள கணக்கிலோ பெரும் பரிசுச் சின்னத்துக்கு அற்ப இடமே இருக்கும். "ஒரு மயிரிழையில் தவறிப் போச்சே!" என்று ஆடுகிறவன் அடித்துக்கொள்வதன் ரகசியம் இதுதான். ஆஸ்திரேலியாவின் "டால்பின் டிரெஷர்" யந்திரத்தில் வேறு சூட்சுமம்: முதல் நான்கு உருளைகளில் 30 சின்னங்கள், ஐந்தாவதில் 44. பார்வைக்கு ஐந்தும் ஒன்றுபோல! இது மோசடி என்று ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். 2018ல் பெடரல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. சகுனியின் பகடையாவது எல்லோர் கண்ணெதிரிலும் உருண்டது. இந்தச் சகுனி பெட்டிக்குள் இருக்கிறான்!

நூற்றுக்கு 87 என்ற மாயம்

"நூற்றுக்கு 87 திருப்பிக் கொடுக்கிறோமே!" என்பார்கள். விக்டோரியா ராஜ்யத்தில் சட்டம் விதிக்கும் குறைந்த அளவு அது. 100 டாலர் கொண்டுபோனால் 87 டாலருடன் திரும்பலாம் என்றா அர்த்தம்? இல்லவே இல்லை. ஒவ்வொரு அழுத்தலிலும் கட்டிய பந்தயத்தில் சராசரி நூற்றுக்கு 13 வெட்டு. திரும்பி வந்ததையும் மீண்டும் கட்டினால் அதிலும் 13 வெட்டு. 100 டாலரை முழுவதும் ஒருமுறை ஓட்டினால் சராசரி 87 நிற்கும். மீண்டும் ஓட்டினால் 76 கூடத் தேறாது. ஐந்தாம் முறை முடியும்போது பாதி போய்விடும்.

இப்போது வேகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடிக்கு ஓர் அழுத்தல் என்றால் மணிக்கு 1,200 அழுத்தல். அழுத்தலுக்கு ஒரு டாலர் என்றால் மணிக்குச் சராசரி நஷ்டம் 156 டாலர். 5 டாலர் என்றால் 780 டாலர்! எந்தத் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் இவ்வளவு சம்பாதிக்கிறான்?

மெல்போர்ன் சொல்லும் சாட்சி

"எவ்வளவு பந்தயம் என்பது ஆடுகிறவனின் சுதந்திரம்" என்றார்கள் அல்லவா? மெல்போர்ன் நகரத்துக் கிரவுன் சூதாட்ட மாளிகையில் 2017ல் நடந்ததைப் பாருங்கள். அங்கே 17 யந்திரங்களில் சில பந்தயப் பொத்தான்களை மூடித் தகடு பொருத்தினார்கள். மிகக் குறைந்த பந்தயமும் மிக அதிகமான பந்தயமும் மட்டுமே மிஞ்சின. நடுவில் இருந்தவை மறைக்கப்பட்டன! இதற்கு அனுமதி தேவையில்லை என்பது கம்பெனியின் வாதம். ராஜ்யத்தின் சூதாட்டக் கண்காணிப்புக் கமிஷன் அதை ஏற்கவில்லை. 2018ல் 3 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பொத்தான்கள் ஆடுகிறவனின் சுதந்திரம் என்றால், அவற்றை மூட முதலாளியின் கை எப்படி நீண்டது?

அத்துடன் நிற்கவில்லை. விக்டோரியாவில் யந்திரம் தானாக ஓடக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அழுத்தியாக வேண்டும். இதே மாளிகையிலோ ஆடுகிறவர்கள் பிளாஸ்டிக் துண்டையும் காகிதத்தையும் செருகிப் பொத்தானை அழுந்தியபடியே இருக்கச் செய்தார்கள். யந்திரம் இடைவிடாமல் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி தடுக்கவில்லை. 2022ல் கமிஷன் விதித்த 12 கோடி டாலர் அபராதத்தில் 2 கோடி டாலர் இந்தக் குற்றத்துக்காக! "பொத்தானை அழுத்துகிறவன் அவனேதான்" என்று உபதேசித்தவர்களே, பிளாஸ்டிக் துண்டு அழுத்தியபோது பொறுப்பு யாருடையது?

யார் பணத்தில் கொழுக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் உற்பத்தித் திறன் கமிஷன் சோஷலிஸ்டுகளின் சபை அல்ல; சர்க்கார் அமைத்த பொருளாதார சபை. அதுவே 2010ல் சொன்னது: இந்த யந்திரங்களில் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு, சூதுப் பழக்கத்தால் சீரழிகிறவர்களிடமிருந்து வருகிறது. அதாவது நோயாளியின் நோயே வியாபாரத்தின் மூலதனம்! ஓர் அழுத்தலுக்கு ஒரு டாலருக்கு மேல் கட்ட முடியாதபடி வரம்பு வேண்டும் என்றும் அது சிபாரிசு செய்தது.

சிபாரிசு என்ன ஆயிற்று? ஆடத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் நஷ்டத்துக்கு உச்சவரம்பு குறித்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருவதாக கில்லார்ட் சர்க்கார், ஆண்ட்ரூ வில்கி என்ற சுயேச்சை அங்கத்தினரிடம் 2010ல் வாக்குக் கொடுத்தது. கிளப் முதலாளிகள் வெகுண்டெழுந்தார்கள். "இது ஆஸ்திரேலியப் பண்புக்கே விரோதம்" என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். 2012 ஜனவரியில் சர்க்கார் வாக்கைக் காற்றில் பறக்கவிட்டது. யந்திர வரியில் பங்கு பெறும் ராஜ்ய சர்க்கார்களும் வாய் திறப்பார்களா?

கிளப்புகள் விளையாட்டு மைதானம் கட்டுகின்றன, வேலை கொடுக்கின்றன என்கிறார்கள். உண்மைதான்; கட்டுகின்றன, கொடுக்கின்றன. ஆனால் யாருடைய பணத்தில்? வாடகைக்கு வைத்திருந்த பணத்தைத் தொலைத்த குடும்பத்தின் பணத்தில்! ஒரு தெருவின் குழந்தைகளுக்குப் பந்து வாங்க, அடுத்த தெருவின் குழந்தைகள் பட்டினி கிடக்க வேண்டுமா?

முடியாதது அல்ல

செய்ய முடியாது என்று சொல்வது பொய். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துச் சூதாட்ட மாளிகையைத் தவிர வேறெங்கும் இந்த யந்திரங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே விளையாட்டுச் சங்கங்கள் அழிந்துவிட்டனவா? பிரிட்டனில் பந்தயக் கடை யந்திரங்களில் 20 விநாடிக்கு 100 பவுன் வரை கட்டலாம் என்றிருந்தது. 2019 ஏப்ரலில் 2 பவுனாகக் குறைத்தார்கள். வலைத்தளச் சூதாட்ட உருளைகள் தானாக ஓடுவதையும், தோல்வியை வெற்றியாகக் கொண்டாடுவதையும் 2021ல் தடை செய்தார்கள். அதே கிரவுன் மாளிகையில் 2023 டிசம்பர் முதல், அட்டையைச் செருகி நஷ்டத்தின் வரம்பைக் குறிக்காமல் ஆஸ்திரேலியர் ஆட முடியாது. மாளிகையில் முடிந்தது தெருமுனை மதுக்கடையில் ஏன் முடியாது?

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கித் தனிமனிதனை எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்றும் வேண்டும். பொத்தானின் சூட்சுமத்தை அறிந்தவன் ஏமாறுவது குறையும். இதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. அன்றைய சூதாடி எதிரில் உட்கார்ந்தவனோடு ஆடினான். இன்றைய சூதாடி பொறியாளர்களையும் மனோதத்துவ நிபுணர்களையும் கூலிக்கு அமர்த்திய கம்பெனியோடு ஒண்டியாக ஆடுகிறான். "பொறுப்புடன் ஆடு" என்று சுவரில் காகிதம் ஒட்டுவது, குழியை வெட்டி வைத்துவிட்டுக் குருடனை "பார்த்து நட" என்பதற்குச் சமம்.

அழுத்தலுக்கு ஒரு டாலர் என்ற வரம்பு. யந்திரத்தின் வேகத்துக்குக் கடிவாளம். தோல்விக்குச் சங்கீதம் கூடாது. எல்லா யந்திரத்திலும் கட்டாய நஷ்ட வரம்பு. கிளப்பிலும் மதுக்கடையிலும் உள்ள யந்திரங்களைப் படிப்படியாக அகற்றுவது. ஆஸ்திரேலிய உழைப்பாளி மக்கள் வற்புறுத்த வேண்டிய கோரிக்கைகள் இவை. பொத்தான்களை வடிவமைத்தவன் பொறுப்பை ஏற்கட்டும். அதன் பிறகு அழுத்தியவனின் பொறுப்பைப் பற்றிப் பேசலாம்!