கூத்துக் களத்துக்கு எதுக்குங்க ரிசப்ஷன் லைட்டு?

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். தீவட்டிக் காலத்துக்கே திரும்பிப் போகணும்னு சொல்ற ஆள் நான் இல்லை. எங்க தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து விட்டா லைட்டே போடாதீங்கன்னும் சொல்லலை. எப்படிப் போடறோம்னு யோசிங்கன்னுதான் சொல்றேன். விழாக் கமிட்டி அண்ணன்மாருங்க யாராவது படிச்சுட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டலாம் :-)

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் சமீப வருஷங்கள்ல நான் போய் உக்காந்த கூத்துல பாதிக்கு மேல இதே கதைதான். களத்தோட நாலு மூலையிலும் கல்யாண ரிசப்ஷனுக்குப் போடற எல்.இ.டி. கலர் லைட்டு. சிவப்பு, பச்சை, நீலம்னு தானா மாறிக்கிட்டே இருக்கும். கூடவே விட்டு விட்டு வெட்டற லைட்டு ஒண்ணு. துரியோதனன் திரையை விலக்கிக்கிட்டு வர்றான், மூஞ்சி கருப்பா இருக்கு. ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள மூஞ்சியே இல்லை, வெறும் சிவப்பு வட்டம். இது என்ன வேஷம்?

காரணம் ரொம்ப சிம்பிள். துரியோதனனுக்கு முகத்துல பூசறது பெரும்பாலும் சிவப்பு. அது மேல வெள்ளையிலும் கருப்பிலும் புள்ளி, கோடு, மீசை. சாயங்காலமே உக்காந்து, கண்ணாடியைக் கையில பிடிச்சுக்கிட்டு, மணிக்கணக்கா எழுதற வேலை அது. சிவப்புச் சாயத்து மேல பச்சை வெளிச்சம் மட்டும் விழுந்தா, திருப்பி அனுப்ப அதுல சிவப்பே இல்லை. அதனால முகம் கரி. சிவப்பு வெளிச்சம் விழுந்தா சிவப்பும் வெள்ளையும் ஒண்ணாத் தெரியும், அத்தனை வெள்ளைப் புள்ளியும் காணாமப் போயிடும். பள்ளிக்கூட அறிவியல் பாடம்தான் இது. லைட்டு செட்டுக்காரர் ரிமோட்ல ஒரு பட்டன் அமுக்கறார், கலைஞரோட மூணு மணி நேர உழைப்பு அழிஞ்சு போகுது.

அடுத்தது அந்தக் கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்துல செதுக்கி, கலர் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டினது. ஏன் கண்ணாடிச் சில்லு? வெளிச்சம் கம்மியா, ஒரே பக்கத்துல இருந்து வந்த காலத்துக்கு ஏத்த ஏற்பாடு அது. ஆட்டக்காரர் தோளை ஒரு இம்மி திருப்பினாலும் அம்பது சில்லு பளிச்சுனு அடிச்சு அடங்கும். நாலு பக்கமும் வெள்ளம் மாதிரி வெளிச்சம் கொட்டினா எப்பவுமே மின்னும், அதாவது எப்பவுமே மின்னாது.

வெட்டற லைட்டைப் பத்தி நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. கிரிக்கி தெரியும்ல? சலங்கை அதிர அதிர களத்தைச் சுத்திக் கிறுகிறுன்னு சுழல்றது. அந்த ஆட்டத்தோட உயிரே அது அறுபடாம ஓடறதுதான். அதை விட்டு விட்டு எரியற வெளிச்சத்துல காட்டினா போட்டோ ஆல்பம் புரட்டற மாதிரி இருக்கு. மிருதங்கம் ஒரு கணக்குல போகும், லைட்டு வேற கணக்குல வெட்டும். ஆடறவருக்கே தலை சுத்தி விழுந்தா யார் பொறுப்பு?

பெட்ரோமாக்ஸும் வெளியில இருந்து வந்ததுதானேன்னு கேப்பீங்க. ஆமா, 1910 வாக்குல ஜெர்மனியில உருவான விளக்குதான் அது. நம்ம தாத்தாமாருங்க அதை வாங்கிக் கம்புல தொங்க விட்டு, மங்கினா காத்தடிச்சு, கூத்துக்கு ஏத்த மாதிரி வச்சுக்கிட்டாங்க. அந்த வெளிச்சம் ஒரு வட்டம் போடும். வட்டத்துக்குள்ள அஸ்தினாபுரம், வெளியில நம்ம கம்மங்காடு. சுவரும் இல்லை, மேடையும் இல்லை, வெளிச்சம்தான் அங்க அரண்மனை கட்டுது. டியூப் லைட்டு வந்தப்பவும் இந்த வட்டம் ஓரளவு தப்பிச்சுது.

இதுக்கு நேர் எதிரான தப்பு டவுன் மேடையில நடக்குது. கூத்தைக் கொண்டு போய் சபாவுல ஏத்தி, பார்க்கற ஜனத்தை மொத்தமா இருட்டுல தள்ளிட்டு ஆட்டக்காரர் மூஞ்சியில மட்டும் ஸ்பாட் அடிப்பாங்க. பாவம் கட்டியக்காரன் என்ன பண்ணுவார்? முன் வரிசையில தூங்கற பெரியவரைப் பார்த்து நக்கல் அடிச்சாத்தானே அவர் கட்டியக்காரன்? பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முதல் நாலு வரிசை வரைக்கும் கசிஞ்சதால அது நடந்தது. கதகளிக்காரங்க ஆட்டவிளக்குல பெரிய திரியை ஆடறவர் பக்கமும் சின்னத் திரியைப் பார்க்கறவங்க பக்கமும் வைப்பாங்க. எவ்ளோ தெளிவு பாருங்க.

நம்மாளுங்களுக்கும் அந்தத் தெளிவு இல்லாம இல்லை. பதினெட்டாம் போரை ஏன் படுகளம்னு பகல்ல வச்சான்? ராத்திரி ராத்திரியா விளக்கு வெளிச்சத்துல ராஜாவாத் தெரிஞ்ச துரியோதனன், கடைசியில வெயில்ல, புழுதியில, மண்ணால செஞ்ச அத்தாம் பெரிய உருவத்துப் பக்கத்துல நிக்கறான். அரிதாரம் வேர்வையில வழியுது, கிரீடத்துல ஒட்டின காகிதம் காகிதமாவே தெரியுது. பீமன் தொடையில அடிக்கறதும் திரௌபதி கூந்தல் முடியறதும் அந்தப் பொல்லாத பகல் வெளிச்சத்துலதான். ராத்திரி முழுக்க பகல் மாதிரி லைட்டு போட்டுட்டா, அந்தப் பகலுக்கு என்ன மரியாதை மிச்சம்?

"கலர் லைட்டு இருந்தாத்தான் பசங்க வருவாங்க"ன்னு ஒரு வாதம். வர்றாங்க. பத்து மணிக்கு வந்து வீடியோ எடுத்துட்டுப் பதினொண்ணுக்குக் கிளம்பிடறாங்க. அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு ஆடற டான்ஸ் நிகழ்ச்சிக்கு அந்த லைட்டு சரி, அதைக் குத்தம் சொல்லலை. விடிய விடிய நடக்கற கூத்தை அந்த வெளிச்சத்துல உக்காந்து பார்க்கக் கண்ணு தாங்காதுங்க. கண்ணு கூசி எந்திரிச்சுப் போன கெழவிங்களை நானே பார்த்திருக்கேன். அவங்கதான் துகிலுரிதல் அன்னிக்கு அழற ஆளுங்க.

எல்.இ.டி. மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீல எல்.இ.டி.க்கு 2014-ல நோபல் பரிசே குடுத்தாங்க. அதே எல்.இ.டி.யிலதான் மஞ்சள் சாயல்ல வார்ம் வைட் விளக்கும் விக்குது. 3000 கெல்வின்னு அட்டைப் பெட்டியிலயே போட்டிருக்கும். அது ரெண்டு போதும். களத்துக்கு முன்னாடி, ஆள் உயரத்துக்குச் சித்தே மேல, ஆடறவர் கண்ணுல நேரா குத்தாம கட்டுங்க. பின்பாட்டுக்காரங்களுக்குப் பின்னாடி இருட்டாவே இருக்கட்டும். கோபுரத்துல சீரியல் செட்டு ஜொலிக்கட்டும், யாரு வேணாங்கறா? களத்துப் பக்கம் மட்டும் திருப்பாதீங்க. வெத்தலை பாக்கு வச்சுக் கூத்து பேசப் போறப்ப, வாத்தியார்கிட்ட மைக்கு எத்தனை வேணும்னு கேக்கறீங்கல்ல? அப்படியே லைட்டை எங்க கட்டணும்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.