பீஜாமிர்தத்திலும் அம்மோனியா உண்டு

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மீனவக் குடும்பங்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடின. கப்பலில் வரும் அம்மோனியாவை உர ஆலைக்குக் கொண்டுபோகிற குழாய் அது. இரசாயன உரத்துக்கு வடசென்னை கொடுக்கும் விலை இது என்று இயற்கை வேளாண் கூட்டங்களில் சொல்கிறோம், சொல்லவேண்டியதுதான். ஆனால் அதே வாயு விதை நேர்த்திக்கு நாம் கலக்கும் பீஜாமிர்தத் தொட்டியிலும் உண்டு என்பதை யாரும் அங்கே பேசுவதில்லை.

கோமியத்தில் யூரியா இருக்கிறது. சாணத்து நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. கரைசலில் காரத்தன்மை ஏற ஏற அந்த அம்மோனியா முளையைச் சுடும். பீஜாமிர்தத்துக்கு இயற்கை வேளாண் முன்னோடி சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவு: 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சாணம், 5 லிட்டர் கோமியம், 50 கிராம் சுண்ணாம்பு, ஒரு பிடி மண். சுண்ணாம்பை அள்ளிப் போடுகிறவர்களும், தண்ணீரைக் குறைத்தால் வீரியம் கூடும் என்று நம்புகிறவர்களும் முளைப்பைத்தான் கெடுக்கிறார்கள். நெல் ஓரளவு தாங்கும். தோல் மெல்லிய நிலக்கடலையையும் உளுந்தையும் ஊறவைக்கவே கூடாது. புரட்டியெடுத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

நெல் விதையில் பதர் நீக்கும் உப்புக் கரைசலிலும் இதே அசட்டைதான். 10 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பு கரைத்து, முட்டை பழைய நாலணா அகலத்துக்கு மேலே தெரிகிறதா என்று பார்ப்போம். முட்டை புதிதாக இருக்கட்டும்; பழையது வெறுந்தண்ணீரிலேயே மிதந்து ஏமாற்றும். பிறகு விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வரும், மணிபிடித்தது அடியில் தங்கும். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்கள் சுருங்கிவிட்டாலும் இதற்குக் கடை உப்பே போதும். பலரும் விட்டுவிடுவது கடைசி வேலையை: அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும்.

மணலியில் மெட்ராஸ் உர ஆலை யூரியாவோடு, விதையில் பூசும் உயிர் உரமும் ‘விஜய்’ என்ற பெயரில் தயாரிக்கிறது. யூரியா ஆலையின் பாக்கெட்டா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்பதே கேள்வி. விதையில் ஒட்டுவதற்காகச் சூடான கஞ்சியில் கலந்தால் எந்த ஆலையின் நுண்ணுயிரும் சாகும்.

சான்று நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். வரும் சம்பாவுக்கு நேர்த்தி செய்யும்போது அதே விதையில் 100 மணியை நேர்த்தி செய்யாமல் எடுத்து, நேர்த்தி செய்த 100 மணியோடு தனித்தனி ஈரச்சாக்கில் முளைகட்டுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் எங்களுக்கு எழுதுங்கள். நேர்த்தி செய்தது தோற்றிருந்தாலும் அச்சிடுவோம்.