ஆளுக்கொரு கடிதம்

வாலிபர் சங்கத்துக்குப் புதிய செயலாளர் தெரிவானதும் அவர் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு பெயர்ப் பட்டியல்தான். ஒளிவிழா அழைப்பு, முகாம் அறிவித்தல், போதகரின் மாதக் கடிதம், நோயுற்றோருக்கான ஜெபக் குறிப்பு எல்லாம் அந்தப் பட்டியல் வழியாகவே வீடுகளுக்குப் போகின்றன. பிரித்தானியாவில் உள்ள நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் இது எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததே. ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலைத் திறந்து, நூறு முகவரிகளையும் ஒரே பெட்டியில் போட்டு, “அன்பானவர்களே” என்று தொடங்கி அனுப்பிவிடுவார். அந்த நூறு பேரும் மற்ற எல்லோருடைய முகவரியையும் பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்தை இளையவர்களாகிய நாம் நிறுத்த வேண்டும். மெயில் மேர்ஜ் முறையில் ஆளுக்கொரு கடிதம் அனுப்பப் பழக வேண்டும். அந்தக் கடிதங்கள் எந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கின்றன என்பதில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்.

“மின்னஞ்சல் முகவரிதானே, அதில் என்ன இரகசியம்?” என்று கேட்பவர்கள் உண்டு. தாதியராக வேலை செய்யும் எங்களுக்கு இதன் விடை தெரியும். 2015இல் லண்டன் டீன் வீதியில் உள்ள பாலியல் நலச் சிகிச்சை நிலையம் ஒரு செய்திமடல் அனுப்பியது. எச்.ஐ.வி. சிகிச்சை சேவையைப் பயன்படுத்துவோருக்கான மடல் அது. 781 பேரின் முகவரிகள் எல்லோர் கண்ணிலும் படும் பெட்டியில் போடப்பட்டிருந்தன. அவற்றில் 730 முகவரிகளில் முழுப்பெயரும் இருந்தது. மடலுக்குள் எவரைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் இருந்ததே வெளியே தெரியக்கூடாத செய்தி. அடுத்த ஆண்டு அந்த நிலையத்தை நடத்தும் மருத்துவமனை அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

2021 செப்டெம்பரில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சும் இதையே செய்தது. தலிபான்கள் காபூலைப் பிடித்த பிறகு, அங்கிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேரின் முகவரிகள் ஒரே மின்னஞ்சலில் எல்லோருக்கும் தெரியும்படி போய்ச் சேர்ந்தன. 2023 டிசெம்பரில் 3,50,000 பவுண்ட் அபராதம். பணத்தை விடுங்கள். அந்தப் பட்டியல் தவறானவர் கையில் கிடைத்திருந்தால் போவது உயிர்.

நம் சபைப் பட்டியலில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருப்பவர் அதில் இருக்கலாம். அடிக்கும் கணவனை விட்டு வேறு ஊருக்கு வந்து, புது முகவரி எடுத்துக்கொண்ட அக்கா இருக்கலாம். வீட்டில் சொல்லாமல் ஆராதனைக்கு வரும் மாணவர் இருக்கலாம். ஜெபக் குறிப்பில் ஒருவருடைய புற்றுநோய் எழுதப்பட்டிருக்கலாம். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையையும் உடல்நலத்தையும் விசேட பாதுகாப்புக்குரிய தகவல்களாக வைத்திருக்கிறது. சபை தன் உறுப்பினர்களின் விபரங்களை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்க இடம் கொடுக்கவில்லை.

“பிசிசி பெட்டியில் போட்டால் சரிதானே?” என்பார்கள். சரிதான், விரல் தவறாத வரைக்கும். பிசிசிக்குப் பக்கத்திலேயே சிசி இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு, வேலை முடிந்து வந்த களைப்பில் அனுப்பும்போது எந்தப் பெட்டி என்று யார் பார்க்கப்போகிறார்கள்? முக்கியமான தகவல்களுக்குப் பிசிசியை நம்பியிருக்காமல் மெயில் மேர்ஜ் போன்ற வழிகளைப் பாவிக்கும்படி 2023இல் தகவல் ஆணையாளர் அலுவலகமே சொன்னது. மெயில் மேர்ஜில் ஒவ்வொரு கடிதமும் ஒரே ஒரு முகவரிக்குத்தான் போகும். அடுத்தவர் முகவரி தெரிவதற்கு அங்கே வழியே இல்லை.

செய்வதும் கடினமல்ல. மைக்ரோசொஃப்ட் வேர்டில் கடிதத்தை ஒரே தடவை எழுத வேண்டும். மெயிலிங்ஸ் பகுதிக்குப் போய், ஸ்டார்ட் மெயில் மேர்ஜ் என்பதில் மின்னஞ்சலைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு பட்டியலைக் காட்ட வேண்டும். அது அவுட்லுக்கில் சேமித்த தொடர்புகளாகவும் இருக்கலாம், எக்செல் கோப்பாகவும் இருக்கலாம். “அன்புள்ள” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெயருக்கான இடத்தைச் செருகிவிட்டால், வேர்ட் ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு பெயரை எடுத்து ஒரு கடிதம் செய்யும். கணினியில் நிறுவிய அவுட்லுக் வழியாக அவை ஒவ்வொன்றாகப் போகும். கோப்பு எதையும் இணைத்து அனுப்ப இந்த முறையில் முடியாது. அதனால் நிகழ்ச்சி விபரத்தைக் கடிதத்துக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது.

அவுட்லுக் தொடர்புகளை அப்படியே எடுப்பதுதான் சுலபமான வழி. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நம் தொடர்புகளில் பெயர்களை எப்படிச் சேமித்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். “கேக் அன்ரி.” “சேர்ச் வான் அண்ணா.” “பழைய வீட்டு அங்கிள் புது நம்பர்.” கணினிக்கு இது விளையாட்டுப் பெயர் என்று தெரியாது. “அன்புள்ள சேர்ச் வான் அண்ணா அவர்களுக்கு” என்று போதகரின் கடிதம் மரியாதையாகப் போய்ச் சேரும். சிரிக்கலாம். ஆனால் அதே தொடர்புகளில் நம் வேலையிடத்தவர், வைத்தியர், வீட்டு உரிமையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். சபையின் ஜெபக் குறிப்பு அவர்களுக்கும் போனால் சிரிக்க முடியாது.

ஆகவே சபைக்கென்று தனியாக ஒரு எக்செல் பட்டியல் வேண்டும். அதில் நான்கே நிரல்கள் போதும்: முழுப்பெயர், கடிதத்தில் எப்படி அழைக்க வேண்டும், மின்னஞ்சல், எந்த எந்தக் கடிதங்களுக்குச் சம்மதம். இரண்டாவது நிரல்தான் தமிழருக்கு மிகவும் தேவை. இங்குள்ள படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் என்று எழுதப்பட்டிருப்பது அப்பாவின் பெயர். அந்த நிரலைக் கணினி எடுத்தால், மகளுக்கு எழுதிய கடிதம் அப்பாவை அழைக்கும். அவர் காலமாகி ஐந்து வருடமாகியும் இருக்கலாம். திருமணமாகிப் பெயர் மாற்றியவர், மாற்றாதவர், பிரிந்த பின் பழைய பெயருக்குத் திரும்பியவர் எல்லோரும் நம் நடுவில் இருக்கிறார்கள். எப்படி அழைக்க வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு எழுதுவதுதான் முறை.

தமிழில் பெயர் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிமெயிலிலிருந்து தொடர்புகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால், தமிழ் எழுத்துகள் சில நேரம் புரியாத குறிகளாக மாறி நிற்கும். யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து இறக்குமதி செய்து, எக்செல் கோப்பாகச் சேமித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மருத்துவமனையில் மருந்து கொடுக்கப் போகும்போது “நீங்கள் இன்னார்தானே?” என்று நாங்கள் கேட்பதில்லை. களைத்துப் போன நோயாளி எதற்கும் “ஓம்” என்று தலையாட்டிவிடுவார். “உங்கள் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லுங்கள்” என்று கேட்டு, கைப்பட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கட்டுப்பாட்டு மருந்து என்றால் இரண்டாவது ஆளும் வந்து பார்ப்பார். இந்த இரண்டு பழக்கங்களும் கடிதத்துக்கும் பொருந்தும். அனுப்புமுன் பிரிவியூ ரிசல்ட்ஸ் என்பதை அழுத்தி ஒவ்வொரு கடிதமாகப் பார்க்கலாம். முதலில் நமக்கே ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம். பிறகு இன்னொருவர் பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்கட்டும். சென்ற மாதம் அடக்க ஆராதனை நடந்த ஐயாவின் பெயர் ஒளிவிழா அழைப்பில் அவர் மனைவியின் வீட்டுக்குப் போகாமல் தடுப்பது அந்த இரண்டாவது கண்தான்.

“இதெல்லாம் எதற்கு, வாட்ஸ்அப் இருக்கிறதே?” என்று சிலர் கேட்கலாம். குழுவில் சேர்த்த நிமிடமே ஒருவருடைய தொலைபேசி எண் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கடைசி நேர இடமாற்றத்தை அறிவிக்க அது உதவும். ஒருவருடைய நோயையோ துக்கத்தையோ பற்றி எழுத அது ஏற்ற இடமல்ல.

“கணினி போடும் பெயரில் அன்பு எங்கே இருக்கிறது?” என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பலர் வேகமாகக் கடந்துபோவார்கள், அது வெறும் பெயர்ப் பட்டியல் என்று. பவுல் அங்கே இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அந்த நிருபத்தைத் தன் கையால் எழுதியவர் தெர்தியு, பவுல் அல்ல. எழுதிய கை யாருடையதாக இருந்தாலும், ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருந்தவர் பவுல்தான். நம் கடிதத்திலும் பெயரைக் கணினி அச்சிடட்டும். அந்தப் பெயர் சரிதானா, அவர் இப்போது எந்த வீட்டில் இருக்கிறார், எந்தக் கடிதம் அவருக்கு வேண்டாம் என்பதை அறிந்து வைத்திருப்பது நம் வேலை.

இந்த ஆண்டு ஒளிவிழா அழைப்புக்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்காக ஒதுக்குவோம். செயலாளரும் இன்னொருவரும் ஒரு மடிகணினியோடு உட்காரட்டும். பழைய மின்னஞ்சல்களிலிருந்து திரட்டிய முகவரிகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்டுப் புதிய பட்டியலை எழுதட்டும். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, யாரிடம் அது இருக்கும் என்பதையும் சபைக் குழுவில் தீர்மானிப்போம்.