பார்த்தால் ஓசிக் குச்சி, பிடித்தால் தனி ருசி... 'ஸ்னீக்கி பீட்' தெரியுமா?

தெருமுனை கேரம் கிளப்பில் இப்படி ஓர் ஆளைப் பார்த்திருப்போம். போர்டு மேல் கிடக்கும் கிளப் ஸ்ட்ரைக்கரைத் தொடவே மாட்டார். சட்டைப் பையில் கைவிட்டு சொந்த ஸ்ட்ரைக்கரை எடுப்பார். அவ்வளவுதான், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். 'ஆள் ஆடுவான் போலிருக்கே!'

அமெரிக்காவின் பூல் ஹால்களிலும் இதே கதைதான். அங்கே ஸ்ட்ரைக்கருக்குப் பதில் கியூ ஸ்டிக். தோளில் நீளமான பையோடு ஒருவர் உள்ளே வந்து, அதிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துத் திருகிச் சேர்த்தால், பந்தயம் கட்ட நினைத்தவர்கள் பர்ஸை உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தச் சங்கடத்துக்கு மாற்றாக வந்ததுதான் 'ஸ்னீக்கி பீட்'. பார்ப்பதற்கு, சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பொதுக் குச்சி. கையில் பிடித்தால், ஆர்டர் கொடுத்துச் செய்த கஸ்டம் கியூ.

ஏமாற்றுவதற்காகவே பேர் வாங்கிய இந்தக் குச்சியை இன்றைக்கு நேர்மையான ஆட்டக்காரர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள். காரணம் என்ன? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சுவரோரக் குச்சி

பூல், ஸ்னூக்கர் இரண்டும் ஒரே குடும்பம். ஸ்னூக்கருக்கு நம் ஊட்டியோடு உறவு உண்டு. அதன் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டதாக வரலாறு. பூல் அமெரிக்கர்களின் செல்லம். மேஜை சிறியது, பந்தும் பாக்கெட்டும் பெரியவை. பார்களில் காசு போட்டு ஆடும் ஏழடி மேஜைகள் அங்கே சர்வசாதாரணம்.

ஆட வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் வைத்திருக்கும் குச்சிதான் 'ஹவுஸ் கியூ'. பெரும்பாலும் ஒரே துண்டு, சுமார் 57 அங்குல நீளம். முன்பாதி வெளுத்த மேப்பிள் மரம், பின்பாதி கறுத்த மரம். இரண்டும் சேரும் இடத்தில், கறுப்பு மரம் நான்கு தீக்கொழுந்துகள் போல வெள்ளை மரத்துக்குள் ஏறி நிற்கும். வேறு அலங்காரம் கிடையாது.

ஆனால் நூறு பேர் கைபட்ட குச்சி அது. நுனியில் இருக்கும் தோல் டிப் தேய்ந்து, வழவழத்து, காளான் குடை மாதிரி ஓரம் பிதுங்கியிருக்கும். சில குச்சிகள் வளைந்தே போயிருக்கும். வழவழத்த டிப்பில் சாக் ஒட்டாது. சாக் ஒட்டாவிட்டால் பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது குச்சி வழுக்கிவிடும். நல்ல ஆட்டக்காரர் சொந்தக் குச்சி தேடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பெயரிலேயே திருட்டுத்தனம்

'ஸ்னீக்கி' என்றால் கள்ளத்தனமான. பீட், அமெரிக்காவில் நம்ம ஊர் குப்புசாமி மாதிரி ஒரு சாதாரணப் பெயர். மலிவு விலை ஒயினுக்கும் அங்கே கொச்சையில் இதே பெயர் உண்டு.

ஆட்டம் தெரியாதவர் போல் நடித்து, சின்னப் பந்தயங்களில் தோற்றுக் கொடுத்து, பந்தயம் பெரிதானதும் அள்ளிக்கொண்டு போகிறவர்களை அங்கே 'ஹஸ்ட்லர்' என்பார்கள். அவர்களுக்குத் தோதான குச்சியாகத்தான் ஸ்னீக்கி பீட்டின் கதை சொல்லப்படுகிறது. எதிராளியின் கண்ணுக்கு, சுவரிலிருந்து எடுத்த குச்சி. ஹஸ்ட்லரின் கைக்கு, பழகிய ஆயுதம்.

அந்தப் பிழைப்பின் மறுபக்கத்தை 1961-ல் வந்த 'தி ஹஸ்ட்லர்' படம் காட்டியது. பால் நியூமன் நடித்த எடி என்ற இளைஞன், முன்பின் தெரியாத ஒரு கூடத்தில் தன் முழுத் திறமையையும் காட்டிவிடுகிறான். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்ததும் அங்கிருந்தவர்கள் அவனுடைய இரண்டு கட்டை விரல்களையும் உடைத்துவிடுகிறார்கள். குச்சி மாறுவேஷம் போடலாம். மாட்டிக்கொண்டால் வலி வாங்குவது கைதான்.

இன்றைக்கு அந்த வேஷம் யாரிடமும் பலிக்காது. பெரிய கியூ நிறுவனங்களே 'ஸ்னீக்கி பீட்' என்று பெயர் போட்டு விற்கின்றன. பூல் ஹாலில் நாலு நாள் பழகியவர், குச்சியின் நடுவில் இருக்கும் மெல்லிய கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஓசிக் குச்சியில் பிறந்த ராஜா

வேஷம் பலிக்காத பிறகும் இந்தக் குச்சிக்கு ஏன் இவ்வளவு மவுசு? பதில் தெரிய, நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போக வேண்டும்.

ஜார்ஜ் பலபுஷ்கா ரஷ்யாவில் 1912-ல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். மர வேலை தெரிந்தவர். 1959 வாக்கில் கியூ செய்யத் தொடங்கி, 1975-ல் இறக்கும் வரை செய்தார். இன்று அவருடைய கியூக்கள் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பொக்கிஷங்கள். அவர் தொடக்கத்தில் எதை வைத்துச் செய்தார் தெரியுமா? பிரன்ஸ்விக் நிறுவனத்தின் 'டைட்லிஸ்ட்' என்ற ஹவுஸ் கியூவின் மரத்தை! சுவரோரம் சாய்ந்து கிடந்த அதே ரகக் குச்சியை வெட்டி, கடைந்து, திருகு பொருத்தி, ராஜாவாக்கினார்.

காரணம் இருந்தது. அந்தக் குச்சிகளில் இரண்டு மரங்களும் விரல்களைக் கோத்துக்கொண்ட கைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒட்டியிருக்கும். இதற்கு 'ஃபுல் ஸ்ப்ளைஸ்' என்று பெயர். பலமான இணைப்பு, பந்தில் பட்ட அடி கை வரைக்கும் சுத்தமாக வந்து சேரும் என்பது இதன் ரசிகர்களின் வாக்கு.

இதற்கு நேரெதிர்க் கதையும் உண்டு. 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பால் நியூமன் டாம் குரூஸுக்கு ஒரு பலபுஷ்காவைப் பரிசாகத் தருவார். படப்பிடிப்பில் பயன்பட்டது பலபுஷ்கா கியூவே இல்லை. அந்தச் சாயலில் இருந்த ஜாஸ் நிறுவனத்தின் கியூ. சாதாரணம் போல் தெரியும் உயர்ந்த குச்சியும் உண்டு. உயர்ந்தது போல் தெரியும் வேறொரு குச்சியும் உண்டு. வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க, கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கஸ்டம் கியூவில் முத்து, வெள்ளி, பூவேலை என்று கூடக் கூட விலையும் கூடும். அந்த அலங்காரம் எதுவும் ஒரு பந்தைக்கூட பாக்கெட்டில் தள்ளாது. ஸ்னீக்கி பீட்டில் அது இல்லாததால், கொடுக்கும் காசு மரத்துக்கும் வேலைக்கும் போகிறது. அப்படித்தான் போயிருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் வாங்குகிறவரின் வேலை.

இணைப்பு: இரண்டு துண்டும் சேரும் இடத்தில் உலோகமோ பிளாஸ்டிக்கோ தெரியக் கூடாது, மரத்தோடு மரம் உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. உள்ளே இருக்கும் திருகு பரவலாகக் கிடைக்கும் அளவா என்று கேட்டுவிடுவது நல்லது. நாளைக்கு முன்பாதியை மட்டும் மாற்ற நினைத்தால், அபூர்வ அளவுத் திருகு அலைய வைத்துவிடும்.

தீக்கொழுந்துகள்: நான்கும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். மலிவுக் குச்சிகளில் இது வெறும் ஸ்டிக்கராகவோ அச்சாகவோ இருக்கும். கறுப்புப் பகுதியில் மர ரேகை ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முன்பாதி: ஆட்டத்தின் உயிர் இங்கேதான். ரேகைகள் நீளவாக்கில் நேராக ஓடும் மேப்பிள் நல்லது. ஹவுஸ் கியூ நுனியிலிருந்தே பருத்துக்கொண்டு போகும். நல்ல கியூவில் முதல் பத்து அங்குலத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே பருமன் இருக்கும். அதனால்தான் விரல்களுக்கு நடுவே தடங்காமல் ஓடுகிறது. டிப்பின் அகலம் 12 முதல் 13 மில்லிமீட்டர் வரை வழக்கம். இப்போது பிரபலமாகிவரும் கார்பன் ஃபைபர் முன்பாதியைப் போட்டுவிட்டால், அந்தக் கறுப்பு நிறமே ஊருக்குச் சொல்லிவிடும். வேஷம் அங்கேயே கலைந்தது!

எடை: பெரும்பாலானவர்கள் 18 முதல் 21 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 510 முதல் 595 கிராமுக்குள் எடுப்பார்கள். எண்ணை விட, கையில் பிடித்தால் எங்கே பாரம் இறங்குகிறது என்பது முக்கியம். நாலு எடையில் நாலு குச்சியை அடித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கைப்பிடி: விலை உயர்ந்த கியூக்களில் ஐரிஷ் லினன் நூலோ தோலோ சுற்றியிருப்பார்கள். இதில் வெறும் மரம்தான். கை வியர்ப்பவர்களுக்குத் தடித்த பளபள பாலிஷ் பிசுபிசுக்கும். மங்கலான பாலிஷ் பரவாயில்லை. கடையில் ஐந்து நிமிடம் பிடித்தால் இது தெரியாது. அரை மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும்.

நேர்: துண்டுகளைத் தனித்தனியாக மேஜையில் உருட்ட வேண்டும், பிறகு சேர்த்து உருட்ட வேண்டும். தனியாக நேராக இருந்து, சேர்த்ததும் துள்ளினால் கோளாறு இணைப்பில் இருக்கிறது.

பழைய குச்சி வாங்குகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அந்தக் காலத்தில் டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பூணை யானைத் தந்தத்தில் செய்வது உண்டு. 2016 முதல் அமெரிக்காவில் தந்த வியாபாரத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. எதில் செய்தது என்று கேட்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

வேஷத்தின் விலை

இந்தக் குச்சிக்கு ஒரு தொல்லையும் உண்டு. பொதுக் குச்சி மாதிரியே இருப்பதால், அதன் சொந்தக்காரர் கை கழுவப் போன நேரத்தில் யாராவது எடுத்து ஆடிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் சுவரில் மாட்டியும் விடுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே, கழற்றினால் மட்டும் தெரியும்படி இணைப்பின் உள்முகத்தில் ஓர் அடையாளம் வைக்கச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று, மனசாட்சி சம்பந்தப்பட்டது. எளிமையாகத் தெரிவது தப்பில்லை. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். ஆனால் எதிரே நிற்பவரின் சம்பளப் பணத்தைக் குறிவைத்து அந்த எளிமையைப் போர்த்திக்கொண்டால், அது குடத்தின் அடக்கம் ஆகாது, கள்ளத்தனம்தான். குச்சி ஒன்றே. எந்த மேஜையில், எதற்காக எடுக்கிறார் என்பதில்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

அது வெளிப்படும் நேரம், ஆட்டம் முடிந்து குச்சியைக் கழற்றும் நேரம். சுவரில் மாட்ட வேண்டிய குச்சி கையில் இரண்டாகப் பிரியும்போது எதிராளி முறைப்பார் என்றால், அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது. 'அட, நல்லா இருக்கே... நான் ஒரு ஷாட் அடிச்சுப் பார்க்கட்டுமா?' என்று கேட்டால், திரும்பத் திருகிச் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடலாம். நல்ல குச்சிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை!