'யார் நீ?' என்று கேட்பதற்கு முன்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில், திருவரங்கம் செல்லும் பேருந்துக்காக ஒரு வியாழன் மாலை நின்றிருந்தேன். மூதாட்டி ஒருவர், இளம்பெண்ணொருத்தியின் மணிக்கட்டை இறுகப் பற்றியவாறு வந்து, நத்தர்வலி தர்காவுக்கு வழி கேட்டார். சொன்னேன். "பிள்ளைக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று வினவினேன்.

"அவ இப்ப அவளா இல்ல தம்பி. அவ உருவத்துல வேற யாரோ இருக்கா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ராத்திரி தூக்கம் வரல. அவ்வளவுதான்" என்றாள். மூதாட்டியின் காதில் அது விழாமலில்லை. ஆனால், பேசியது தம் பேத்திதான் என்று அவர் நம்பவில்லை.

இந்த நம்பிக்கையை ஊட்டியது யார்? பாதி பரம்பரை என்றால், மறு பாதி வெள்ளித்திரை என்பேன்.

இரட்டை வேடம் தமிழ்த் திரையின் பழஞ்சொத்து. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பாவை இருவராக்கிக் காட்டியது. 1958இல் 'நாடோடி மன்னன்', 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஆகியவற்றில் எம்.ஜி.ஆர். இருவரானார். ஆணுக்கு இரட்டை வந்தால் அரியணை மீளும். கோழையின் இடத்தில் வீரன் வந்து நிற்பான். பெண்ணுக்கு இரட்டை வந்தால்? திகில் படங்களில் அவளுக்குக் கிடைப்பது பேய்ப்பட்டம்.

1966இல் வந்த 'யார் நீ?' படத்தை நினைத்துப் பாருங்கள். 1964இன் 'வோ கௌன் தீ' என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. ஜெய்சங்கர் நாயகன், 2011இல் திருவரங்கம் தொகுதி மக்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த ஜெயலலிதா நாயகி. மர்மப் பெண்ணின் முகம் மனைவிக்கும் இருக்கிறது. அதுவே அவள் செய்த குற்றம். மேல்நாட்டிலும் இதுவே வழக்கம். 1940இன் 'ரெபெக்கா'வில் புதுமனைவி, இறந்துபோன முதல் மனைவியின் நிழலில் நடுங்குகிறாள். 1946இன் 'தி டார்க் மிரர்' இரட்டைச் சகோதரியரில் ஒருத்தியை நல்லவளாகவும் மற்றவளைக் கொலைகாரியாகவும் பிரிக்கிறது.

"படத்தின் முடிவில் பேயில்லை, மனிதச் சூழ்ச்சிதான் என்று காட்டிவிடுகிறார்களே!" என்பீர்கள். உண்மை. ஆனால், மனைவி குற்றமற்றவள் என்பது எப்போது மெய்ப்படுகிறது? அவளைப் போலவே இன்னொருத்தி கண்ணெதிரே வந்த பிறகு! அதுவரை அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு இரட்டைச் சகோதரி ஏது? தான் தானேதான் என்பதை அவள் யாரைக் கொண்டு மெய்ப்பிப்பாள்?

நியாயமாகவே பேசுவோம். 1974இன் 'வாணி ராணி'யில் வாணிஸ்ரீ ஏற்ற இரட்டை வேடம், அடங்கிக் கிடந்த பெண்ணுக்குத் துணிச்சலான துணையைத் தந்தது. 2005இன் 'சந்திரமுகி' மனநோய் என்ற சொல்லையும் மனநல மருத்துவரையும் மாளிகைக்குள் கொண்டுவந்தது. அது ஒரு படி முன்னேற்றமே. எனினும் அங்கும் மந்திரவாதியின் துணையோடு, தந்திரத்தால்தான் நோய் தீர்கிறது. நோயுற்றவளிடம் பொறுமையாக உட்கார்ந்து பேச நேரமில்லை.

ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. வழக்கு அதுவன்று. நோய் கண்டால் மருந்து தேடச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். துஆ கேட்பதை எவரும் தடுக்கவில்லை. துஆவைக் காரணம் காட்டி மருந்தைத் தடுப்பதையே தவறென்கிறேன்.

இந்தத் தவறுக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர்; 28 உயிர்கள் போயின. பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே பலரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள். "இது நம் பிள்ளையல்ல, அவனுள் இருக்கும் வேறொன்று" என்று எண்ணினால்தான் சொந்தப் பிள்ளையின் காலில் சங்கிலி பூட்ட மனம் துணியும். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. சட்டம் சங்கிலியைத் தடுக்கும். சந்தேகத்தைத் தடுக்க வேண்டியவர்கள் நாம்.

இரட்டை வேடக் காட்சிக்கு அந்நாளில் காமிராவின் கண்ணில் பாதியை மூடிப் படம்பிடித்து, பிலிமைப் பின்னே சுழற்றி, மறுபாதியை மூடி மீண்டும் பிடிப்பார்கள். அங்கே உண்மையில் இருந்தவர் ஒருவரே. இரண்டாமவரை உண்டாக்கியது, மூடிய பாதி.

வாசகர்களே! உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ உறங்காமல் தவித்தால், காரணமின்றி அழுதால், "யார் நீ?" என்று அதட்டாதீர்கள். "உனக்கு என்னம்மா செய்கிறது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடையை அவளுடைய விடையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். சத்திரத்தில் நின்ற அந்தப் பெண் கேட்டது அவ்வளவுதான். தர்காவுக்கு வழி சொன்ன நான், அரசு மருத்துவமனைக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறினேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.